சாய்கோட்டுக்கு அடுத்த எழுத்து

எங்கள் அண்ணிக்குக் கிளினிக்கில் கிராணி வேலை கிடைத்த செய்தி, அவர் வேலைக்குப் போகும் முன்பே ஈப்போவின் புந்தோங்கில் எங்கள் வீட்டு வரிசை முழுக்கப் போய்விட்டது. அண்ணன் சுங்கை சிப்புட்டிலிருந்து பலகை ஏற்றும் லாரி ஓட்டுநர். எந்தச் செய்தியையும் ஹார்ன் அடித்துச் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி. லாரியை முச்சந்தியில் நிறுத்தி, "என் சம்சாரம் இப்ப கிராணி லா!" என்று எதிர்வீட்டுக் கூரை அதிரச் சொன்னார். அண்ணி உள்ளேயிருந்து, "மானத்த வாங்காதீங்க, உள்ள வாங்க" என்று கத்தினார். கத்தினாலும் முகத்தில் சிரிப்பு வழிந்தது.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கிராணி என்ற சொல்லின் கனம் தெரியும். ஆபீசுக்குள் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கணக்கு எழுதுபவர் கிராணி. வெளியே வெயிலில் நிற்பவர்கள் நாங்கள். எங்கள் குடும்பமும் அண்ணியின் குடும்பமும் சுங்கை சிப்புட்டில் பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது நாங்கள் ஈப்போவுக்கு வந்துவிட்டோம். அண்ணியின் அம்மா மட்டும் கடைசி வரை பால்மரம் வெட்டினார், ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் வேலை.

அந்த அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வரிசையாக நிற்கும்போது மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிடுவார். ஒரே பெயரில் நாலைந்து பெண்கள் இருப்பார்கள். அதனால் ஆளுக்கொரு அடையாளம். அண்ணியின் அம்மா ஒரு நாள் காட்டில் ஒரு கம்மலைத் தொலைத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவர் 'ஒத்தக் கம்மல்'. புதுக் கம்மல் வாங்கிப் போட்ட பிறகும் ஒத்தக் கம்மல்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கப் போனாலும் அதே பெயர்தான். அண்ணிக்கு இது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. "ஒரு மனுஷி பேர எழுதுனா முழுசா எழுதணும், தங்கச்சி. அவ யாரு, யாரு மகள்னு எழுதணும்" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

முழுசாக எழுதுவது எப்படி என்று எங்கள் ஐ.சி., அதாவது அடையாள அட்டையே சொல்லும். ஆணின் பெயருக்குப் பிறகு ஏ/எல், அதன் பிறகு அப்பா பெயர். மலாயில் அனாக் லெலாக்கி, மகன். பெண்ணின் பெயருக்குப் பிறகு ஏ/பி. அனாக் பெரெம்புவான், மகள். மலேசியத் தமிழர்களின் பெயருக்கு நடுவில் ஒரு சாய்கோடு கட்டாயம் நிற்கும். எனக்கும் உண்டு.

எண்பதுகளின் நடுவில் அந்தக் கிளினிக்குக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்த கிளினிக் அது. சுற்றுப்பக்கத்து மிச்சத் தோட்டங்களின் ஆட்கள் எல்லாம் அங்கேதான் வருவார்கள். புதன்கிழமை வயிற்றுப்பிள்ளைக்காரிகளின் நாள். டாக்டர் தமிழர். நல்லவர், ஆனால் பேச்சில் சர்க்கரை கிடையாது. நோயாளிகளின் அட்டைகளையெல்லாம் கட்டி ஸ்டோருக்கு அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார். இரண்டு கிராணிகள். காலையில் ஒரு சீனப் பெண், மதியத்துக்கு மேல் அண்ணி. புதன்கிழமை மட்டும் முழு நாளும் அண்ணி.

இரண்டே மாதத்தில் ஆட்கள் காணாமல் போக ஆரம்பித்தார்கள். ஆட்கள் என்றால் கம்ப்யூட்டருக்குள் இருந்த ஆட்கள். போன புதன் வந்த பெண் இந்தப் புதன் வருவாள், பெயரை அடித்தால் திரை வெறுமையாக இருக்கும். எடை, ரத்த அழுத்தம், என்ன மருந்து கொடுத்தது, ஒன்றும் இருக்காது. சீனப் பெண் ஏற்றிய ஆட்கள் ஒருவர்கூடத் தொலையவில்லை. தொலைந்தவர்கள் எல்லாம் அண்ணி ஏற்றியவர்கள்.

கம்ப்யூட்டர் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டார்கள். புரோகிராம் எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். புரோகிராமில் பிழை இருக்க முடியாது, ஆப்பரேட்டர்தான் ஏதோ தப்பு செய்கிறார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். எனக்கு அதைக் கேட்டபோதே பற்றிக்கொண்டு வந்தது. ஆப்பரேட்டர் என்ற அந்த ஒரு சொல்லில் எங்கள் அண்ணியைச் சுருட்டி வைத்துவிட்டார்களே!

பிறகு ஒரு புதன்கிழமை நடந்ததுதான் பெரிய விஷயம். ஊசி ஒத்துக்கொள்ளாத பெண் ஒருத்தி வந்தாள். ஒத்துக்கொள்ளாது என்பதை அண்ணிதான் முன்பு அடித்து ஏற்றியிருந்தார். அந்தக் குறிப்போடு அவளும் காணாமல் போயிருந்தாள். நர்ஸ் ஊசியை எடுத்துக்கொண்டு போகும்போது அண்ணிக்கு முகம் ஞாபகம் வந்து, மேசையைத் தாண்டி ஓடி, "மிஸ்ஸி, அதப் போடாதீங்க!" என்று கையைப் பிடித்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டாக்டர் அன்று சாயந்திரம் அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னார். "இன்னைக்கு உன் ஞாபகம் காப்பாத்துச்சுமா. நாளைக்கு நீ இல்லாத நேரத்துல என்னா பண்றது? இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். அப்புறம் நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கிளினிக்கில் மருந்து கலக்குகிறவர் பேச்சுவாக்கில், "உனக்குக் கைராசி இல்ல போல" என்று சொல்லியிருக்கிறார். அண்ணி வீட்டுக்கு வந்து இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தார், முடியவில்லை. லாரியைக் கழுவப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். காலையில்தான் அதைக் கழுவியிருந்தார்.

நான் அப்போது ஈப்போ டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தேன். கீழே விற்பனை, மேலே வகுப்பு. கிளினிக்கில் இருந்ததைப் போன்ற, தைவானிலிருந்து வந்த நகல் கம்ப்யூட்டர்களை வைத்து, பள்ளி முடித்த பிள்ளைகளுக்குப் புரோகிராம் எழுதச் சொல்லிக் கொடுப்பேன். எனக்குக் கோபம் வந்தால் எதையாவது பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும். அண்ணியிடம், "அந்தப் புரோகிராம் டிஸ்க்க எனக்கு ரெண்டு நாள் வாங்கிக் குடுங்க அண்ணி, உங்க கையிலயா அதோட வயித்துலயா பாத்துடலாம்" என்றேன். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சனிக்கிழமை மதியம் கொடுத்தனுப்பினார். திங்கட்கிழமை காலை கொடுத்தனுப்பியபடியே திரும்பி வரவேண்டும் என்பது அவர் நிபந்தனை.

எங்கள் தவுக்கே, கடையின் சீன முதலாளி, டிஸ்க்கைப் பார்த்ததும் இரண்டு அடி தள்ளி நின்றார். இந்த மாதிரிப் புரோகிராம்களை நம்ப முடியாதாம். யாரோ நோண்டுகிறார்கள் என்று தெரிந்தால் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் வேலையெல்லாம் செய்து வைத்திருப்பார்களாம். "அமோய், ஜாங்ஙான் ரன்! நீ ரன், அவன் மாத்தி லா" என்று, ஓட்டாதே, ஓட்டினால் செத்துப்போகும் என்பதற்குக் கழுத்தை அறுப்பதுபோல் காட்டினார். கடைச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை கடை முழுவதும் எனக்கு.

நான் ஓட்டப்போவதில்லை. வாசிக்கப்போகிறேன். தீபாவளிக்கு மறுநாள் வெடிக்காத பட்டாசைப் பிள்ளைகள் திரியைக் கிள்ளிவிட்டுச் சுற்றுக் காகிதத்தைப் பிரிப்பார்களே, அந்த வேலை.

முதலில் டிஸ்கின் ஓரத்தில் இருந்த வெட்டுக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டினேன். அது இருந்தால் கம்ப்யூட்டரால் அந்த டிஸ்க்கை வாசிக்க முடியும், அதில் எழுதவோ அழிக்கவோ முடியாது. பிறகு எங்கள் கடை டிஸ்க்கைப் போட்டுக் கம்ப்யூட்டரைத் தொடங்கினேன். அவர்களுடைய டிஸ்க்கால் தொடங்கினால் அந்தப் புரோகிராம் தானாகவே ஓட ஆரம்பித்துவிடும். கம்ப்யூட்டர் விழித்த பிறகு டிஸ்க்கை மாற்றி, புரோகிராமை நினைவுக்குள் ஏற்ற மட்டும் சொல்லி, அப்படியே பிரிண்டருக்கு அனுப்பினேன். பிரிண்டர் கிரீச் கிரீச்சென்று இழுத்து இழுத்து அடித்தது. காகிதம் தரையில் மடிந்து மடிந்து விழுந்தது.

பார்த்தால் எல்லாம் எண்கள். தலைப்பில் நாலைந்து வரிதான் படிக்கிற மாதிரி. அதன் கீழே பக்கம் பக்கமாக எண்கள். கடைசியில் ஒரு வரி.

ஒரு காப்பி வாங்கி வந்து, பென்சிலோடு தரையில் உட்கார்ந்தேன். எண்களை எவ்வளவு முறைத்தாலும் ஒன்றும் தெரியவில்லை. பிறகுதான் உறைத்தது. எனக்குப் புரியாவிட்டால் போகட்டும், கம்ப்யூட்டருக்குப் புரிந்தாக வேண்டுமே? அது தினமும் கிளினிக்கில் இதை வாசித்துத்தானே வேலை செய்கிறது? அப்படியானால் அவிழ்க்கும் வழியையும் இதே டிஸ்கில் வைத்துத்தான் ஆகவேண்டும். பூட்டியவருக்குச் சாவியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

சாவி அந்த முதல் வரிகளில் இருந்தது. ஒவ்வொரு எண்ணையும் எடு, இவ்வளவு கழி, வருவது ஓர் எழுத்து. எல்லா எழுத்துகளையும் கோத்துக்கொள். கடைசி வரி சொன்னது, கோத்ததை ஓட்டு. அவ்வளவுதான். முதல் சில எண்களைப் பென்சிலால் கழித்துப் பார்த்தேன். எழுத்துகள் வந்தன. கடைக்குள் ஒருவரும் இல்லை என்பதால் எழுந்து ஒரு சுற்று ஆடினேன்.

அந்த முதல் வரிகள் வேறு எந்த விஷமமும் செய்யவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து உறுதி செய்துகொண்டு, நினைவில் இருந்த நகலில் கடைசி வரியை மட்டும் தூக்கினேன். 'ஓட்டு' என்று இருந்த இடத்தில் 'காட்டு' என்று போட்டேன். கிளினிக் டிஸ்க்கை வெளியே எடுத்துப் பத்திரமாக உறைக்குள் வைத்துவிட்டு, விசையைத் தட்டினேன்.

திரையில் வந்தது இன்னொரு மூட்டை எண்கள்.

அந்த மனிதரை நான் அப்போது திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பூட்டுக்குள் பூட்டு வைத்திருந்தார். ஆனால் முறை அதே முறைதான். மேலே நாலு வரி, நடுவில் எண்கள், கீழே ஓட்டு. மறுபடி ஓட்டைக் காட்டாக்கினேன். இந்தத் தடவை முழு புரோகிராமும் பச்சை எழுத்தில் இறங்கி வந்தது. பெயர் கேட்பது, எடை கேட்பது, எழுதி வைப்பது, எல்லாம்.

அதில் ஓர் இடத்தில் சிரித்துவிட்டேன். அடிக்கிற பெயருக்குள் சாய்கோடும் எல்லும் சேர்ந்து வந்தால், ஒரு பட்டியலைத் திரையில் காட்டு என்று எழுதியிருந்தது. அண்ணி அடிக்கடி சொல்வார், ஆம்பளைகள் பெயர் அடித்தால் மட்டும் திரையில் ஏதோ பட்டியல் மின்னி மறைகிறது, கம்ப்யூட்டர் கொட்டாவி விடுகிறது என்று. எழுதியவர் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட ரகசியச் சாவி அது. ஏ/எல் என்று அடித்தபோதெல்லாம் அண்ணி தெரியாமல் அதைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

அதற்கு அடுத்த வரியில் இன்னொரு சாவி. சாய்கோடும் பியும் வந்தால் வேறோர் இடத்துக்குப் போ. அந்த இடத்தில் ஆங்கில எழுத்தில் ஒரு தலைப்பு: பி, ஏ, டி, ஏ, எம். படம். சரி, எல் என்றால் லிஸ்ட், பி என்றால் படம், திரையில் ஏதோ படம் போடுகிறது போல என்று தாண்டிப் போனேன். அதன் கீழே வெற்று இடங்களாக எழுதும் வரிகள் இருந்தன. படம் போடுவதற்காகத் திரையைத் துடைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கம்ப்யூட்டரில் திரையில் எழுதுவதற்கும் டிஸ்கில் எழுதுவதற்கும் ஒரே கட்டளைதான். படம் என்று தலைக்குள் ஏறிவிட்டதால் திரை மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

மீதி அத்தனை வரியையும் சல்லடை போட்டுச் சலித்தேன். ஒரு குற்றமும் இல்லை. சாயந்திரம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தபோது அண்ணி வாசலிலேயே நின்றார்.

"என்னா தங்கச்சி?"

"கொட்டாவிக்குக் காரணம் கெடச்சிருச்சு அண்ணி. ஆனா ஆளுங்கள முழுங்குற எடம்... பாத்த வரைக்கும் ஒண்ணும் இல்ல."

"அப்ப என் கைதான்" என்றார் அண்ணி. அழவில்லை. குரலில் ஒன்றும் இல்லை. அதைவிட அவர் அழுதிருக்கலாம்.

திங்கட்கிழமை டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க நானும் அண்ணியோடு போனேன். மதியம்தான் வேலை என்றாலும் அண்ணி காலையிலேயே வந்தார், புரோகிராமில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று டாக்டரிடம் நேராகச் சொல்லிவிடலாம் என்று. நான் பின்னால் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். மாடி வளைவில் சுவரில் சிவப்பாக ஒரு தீயணைப்புச் சிலிண்டர் தொங்கியது. மேலே பலகையில் மலாயில் எழுதியிருந்தது, 'ஆலாட் பெமாடாம் ஆப்பி'. தீயை அணைக்கும் கருவி.

பெமாடாம்.

பள்ளிக்கூடத்தில் மலாய் வாத்தியார் கரும்பலகையைக் காட்டி என்ன சொல்வார்? "பாடாம்!" உடனே ஒருத்தி ஓடிப்போய் டஸ்டரை எடுத்து அழிப்பாள். பெமாடாமுக்கு வேர்ச்சொல்லே அதுதான். பாடாம் என்றால் அழி. அணை. துடைத்துவிடு.

படம் இல்லை. பாடாம்!

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே போய்விட்ட அண்ணி எட்டிப் பார்த்து, "என்னா லா, மயக்கமா?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஐந்து எழுத்து. அவற்றைத் தமிழில் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்திருக்கிறேன். மடியில் காகிதத்தைப் பிரித்து அந்த வரிகளை மறுபடி பார்த்தேன். வெற்று இடங்களை எழுதியது திரையில் இல்லை, டிஸ்கில். அப்போதுதான் பெயர் எழுதிய அதே இடத்தின் மேல்.

"அண்ணி, நீங்க பொம்பளைங்க பேர எப்படி அடிப்பீங்க?"

"ஐ.சி.யில இருக்குற மாதிரிதான். முழுசா. ஏ பி போட்டு, அப்பா பேரு போட்டு."

"அந்தச் சீனப் பொண்ணு?"

"அது வெறும் பேரு மட்டும் அடிக்கும். நம்ம ஆளுங்க பேரு நீளமா இருக்காம், கை வலிக்குதாம்."

அதுதான். அண்ணி அக்கறையாக மகள் என்று எழுதிய ஒவ்வொரு தடவையும், கம்ப்யூட்டர் அதை 'அழி' என்று கேட்டுக்கொண்டிருந்தது. புரோகிராம் எழுதியவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். சோதிக்கும்போது அவசரத்துக்கு அழிக்க ஒரு குறுக்குவழி வைத்திருப்பார், எடுக்க மறந்திருப்பார். நடுவில் சாய்கோடு போட்ட பெயர்களும் இதற்குள் வரும் என்று அவருக்கு அப்போது தோன்றவேயில்லை போலிருக்கிறது.

டாக்டர் முழுவதையும் நின்றபடியே கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறுபடி கேட்டார். வெற்று டிஸ்க் ஒன்றைப் போட்டு, நோயாளிகள் ஒருவரும் இல்லாத அந்த டிஸ்கில், அவர் கண்ணெதிரே ஓட்டிக் காட்டினோம். ஒரு பெண் பெயரைத் தனியாக அடித்தோம், இருந்தது. அதே பெயரை ஏ/பி போட்டு அடித்தோம், டிரைவ் 'டொக்' என்றது, போய்விட்டது. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப இத்தன நாளும் இந்தப் பொண்ணு ஒழுங்கா அடிச்சதுதான் தப்பா?"

"ஆமா டாக்டர்" என்றேன். என் குரல் தேவைக்கு அதிகமாகவே உயர்ந்துவிட்டது. அண்ணி என் முழங்கையைக் கிள்ளினார்.

அவிழ்த்த புரோகிராம்தான் என் கையில் இருக்கிறதே. அந்த வாரமே கடையில் உட்கார்ந்து அந்த இரண்டு ரகசியச் சாவிகளையும் வெட்டி எறிந்தேன். பூட்டும் போடவில்லை. எல்லா வரியும் யார் வேண்டுமானாலும் வாசிக்கிற மாதிரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஸ்டோரிலிருந்த பழைய அட்டைகள் மறுபடி மேலே வந்தன. சீனப் பெண்ணும் அண்ணியும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் அடிக்க, தொலைந்த பெண்களையெல்லாம் திரும்ப ஏற்றத் தயாரானார்கள். அந்தப் பெண்ணே, "இனிமே நானும் முழுசா அடிக்கிறேன் அக்கா, கை வலிச்சா வலிக்கட்டும்" என்று அரைகுறைத் தமிழில் சொன்னாள்.

ஆனால் முதலில் ஒரு பெயரை அடித்துப் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொன்னார். உள்ளே ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்து வைத்திருந்தார். யார் பெயரை அடிப்பது என்று நான் கேட்பதற்குள் அண்ணி அடிக்க ஆரம்பித்துவிட்டார். தன் பெயர். ஓர் இடைவெளி. ஏ. சாய்கோடு. அங்கே விரல் கொஞ்சம் நின்றது. பி. பிறகு அப்பா பெயர், ஒவ்வோர் எழுத்தாக. டிரைவ் முனகியது, டொக் என்ற சத்தம் வரவில்லை. கம்ப்யூட்டரை அணைத்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். மறுபடி போட்டு, பெயரைக் கேட்டார்.

உள்ளேயிருந்து டாக்டரின் குரல் வந்தது. "என்னாமா, இருக்கா?"

அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருக்கா, டாக்டர்" என்றார். "முழுசா இருக்கா."